பரங்கிமலை: நம் ஊரின் அமைப்பும் வரலாறும் வசதிகளும்



ஜூபிலி மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டபோது, ஆலயத்தின் வரலாற்றை மற்றவர்கள் எழுதட்டும், ஆலயம் நிற்கும் மண்ணின் வரலாற்றை நாம் எழுதுவோம் என்று எண்ணினோம். கோவிலுக்கு வருகிறவர்கள் ஊரிலிருந்துதானே வருகிறார்கள்! ஊரை அறியாமல் பங்கை அறிய முடியாது. பரங்கிமலையின் அடிவாரத்தில் வாழும் நாம், தினந்தோறும் அந்த மலையைப் பார்க்கிறோம். ஆனால் பார்த்துப் பழகிய காரணத்தினாலேயே அதன் அருமையை மறந்து விடுகிறோம். பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கவாவது நம் ஊர்ச் செய்திகளை ஓரிடத்தில் தொகுத்து வைப்பது நலம் என்று கருதி இதை எழுதுகிறோம்.

அமைவிடம்

சென்னைக் கோட்டையிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 13 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ளது பரங்கிமலை. உயரம் சுமார் 300 அடி. மலை என்று பெயர் பெற்றாலும் குன்று என்பதே பொருந்தும். எனினும், சுற்றிலும் தட்டையான நிலமாகையால், இக்குன்றின் மீது ஏறி நின்றால் கிழக்கே வங்கக் கடல் வரையிலும், தெற்கே பல்லாவரத்துக் குன்றுகள் வரையிலும் கண்ணுக்குத் தெரியும். வடக்கே அடையாறு ஓடுகிறது. அடிவாரத்தைச் சுற்றி ஆலந்தூர், ஆதம்பாக்கம், நந்தம்பாக்கம், மீனம்பாக்கம், பழவந்தாங்கல், நங்கநல்லூர் ஆகிய ஊர்கள் உள்ளன. இவற்றுள் பல 'பாக்கம்' என்று முடிவதைக் கவனியுங்கள். பாக்கம் என்றால் நீர்க்கரையை ஒட்டிய ஊர். ஏரியும் வயலும் வாய்க்காலுமாக இருந்த நாட்டுப்புறம் இது என்பதற்கு இப்பெயர்களே சான்று.

மலையின் பாறையைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. இங்கும் பல்லாவரத்திலும் காணப்படும் கருமையான பாறை ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள் பழமையானது. கல்கத்தாவில் ஆங்கிலேயர் குடியேற்றத்தை ஏற்படுத்திய ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறைக்கு இந்தப் பகுதியின் கல்லே கொண்டு செல்லப்பட்டது. 1893-ல் தாமஸ் ஹாலண்டு என்ற நிலவியல் அறிஞர், அந்தக் கல்லறையை நினைவில் கொண்டு, இப்பாறை வகைக்கு 'சார்னாக்கைட்' என்று பெயர் சூட்டினார். உலகில் எங்கு இப்பாறை அகப்பட்டாலும் இதே பெயர்தான். இந்திய நிலவியல் ஆய்வுத்துறை இவ்விடத்தைத் தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக அறிவித்துள்ளது. நம் ஊர்க் கல் வெளியூர் சென்று, அங்கே இன்னொரு வெளியூராரின் கல்லறைக்கு மூடியாகி, அவர் பெயரைச் சுமந்து திரும்பி வந்திருக்கிறது!

பெயர்க் காரணம்

'பரங்கி' என்ற சொல் ஐரோப்பியரைக் குறிப்பது. 'பிராங்கு' என்னும் இனப் பெயரைப் பாரசீகரும் அரபியரும் 'பரங்கி' என்று வழங்க, அது நம் நாட்டிற்கும் வந்தது. போர்த்துக்கீசியர் குடியேறிய மலை பரங்கிமலை ஆயிற்று. அவர்கள் தங்கிய துறைமுகம் பரங்கிப்பேட்டை ஆயிற்று. சைவ அன்பர்களோ, பிருங்கி முனிவர் இங்கே தவம் செய்தார், 'பிருங்கி மலை' என்பதே பரங்கிமலை என மருவிற்று என்பர். இருவர் கூற்றையும் மதிப்போம். எந்தப் பெயர் முந்தியது என்ற வழக்கை ஜூபிலி மலரில் தீர்க்க வேண்டியதில்லை. முனிவரும் எங்கிருந்தோ இம்மலையைத் தேடி வந்தவர்தாமே!

ஆனால், 'பரங்கி' என்பது ஒரு காலத்தில் மரியாதையான சொல்லாக இருக்கவில்லை என்பதை நாம் அறிய வேண்டும். 1606-ல் மதுரையில் மறைப்பணி தொடங்கிய தத்துவ போதக சுவாமிகள், தாம் பரங்கி அல்லர் என்று ஓலையில் எழுதி அறிவிக்க வேண்டியிருந்தது. 'நம்மைச் சேராதவன், நம் முறை அறியாதவன்' என்ற இழிவு அச்சொல்லில் அடங்கியிருந்தது. அதே சொல்லைத்தான் இன்று நாம் முகவரியாக எழுதுகிறோம். பேருந்தில் நடத்துனரிடம் கூச்சமின்றிச் சொல்லிச் சீட்டு வாங்குகிறோம். பரங்கிக்காயைப் பாருங்கள்! அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த காய் அது; வந்த காலத்தில் வைத்த பெயர் இன்றும் ஒட்டிக் கொண்டிருக்கிறது. ஆனால் பொங்கலன்று பரங்கிக்காய் இல்லாத குழம்பை நம் தாய்மார்கள் ஒப்புக்கொள்வார்களா? அந்நியமாக வந்தது அடுப்பங்கரைச் சொந்தமாகி விட்டது. நம் ஊர் வரலாறு முழுவதும் இப்படிப்பட்டதே என்பதைக் காட்டவே மேலே எழுதுகிறோம்.

புனிதரின் மலை

திருத்தூதரான புனித தோமையார் கி.பி. 52-ல் சேர நாட்டுக் கரையில் இறங்கி, பின் மயிலாப்பூருக்கு வந்து, சின்னமலையில் மறைந்து வாழ்ந்து, கி.பி. 72-ல் இப்பெரிய மலையில் ஈட்டியால் குத்துண்டு வேதசாட்சியாக மரித்தார் என்பது நம் முன்னோர் வழிவழியாகக் காத்து வந்த மரபு. ஆக, இம்மலையைப் பெயர் பெறச் செய்த முதல்வரே கலிலேயாவிலிருந்து வந்த அந்நியர்.

1547-ல் மலையுச்சியில் சிற்றாலயம் கட்டுவதற்குப் போர்த்துக்கீசியர் அடித்தளம் தோண்டியபோது, சிலுவை செதுக்கிய கற்பலகை ஒன்று கிடைத்தது. அதைச் சுற்றிலும் எழுத்துகள் இருந்தன. அவை தமிழும் அல்ல, இலத்தீனும் அல்ல. பழைய பாரசீகத்தின் பஹ்லவி எழுத்துகள். போர்த்துக்கீசியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, கீழைத் திருச்சபையைச் சேர்ந்த மக்கள் இங்கு வழிபட்டனர் என்பதற்கு இக்கல் மறுக்க முடியாத சான்று. இச்சிலுவை 1558 டிசம்பர் 18 அன்று திருப்பலி நேரத்தில் இரத்தம் போல் வியர்த்தது என்றும், அதன் பின் பலமுறை அவ்வாறு நிகழ்ந்து 1704-ல் கடைசியாகக் காணப்பட்டது என்றும் ஆலயக் குறிப்புகள் கூறுகின்றன. டிசம்பர் 18 மகவை எதிர்நோக்கும் மாதாவின் திருநாளும் ஆகும். இன்றும் அக்கல் பீடத்தின் மேல் உள்ளது.

படிகளும் பாலமும்

மலைக்கு ஏறும் கற்படிகளில் மூச்சு வாங்க நின்று இளைப்பாறாதவர் நம்மில் யார்? நூற்று முப்பதுக்கு மேற்பட்ட அப்படிகளைக் கட்டித் தந்தவர் ஒரு ஆர்மீனிய வணிகர். அவர் பெயர் கோஜா பெட்ரஸ் உஸ்கான். இங்கு வாணிகம் செய்து பொருள் ஈட்டியவர், கத்தோலிக்கர். 1726-ல் அவர் இரண்டு அறப்பணிகளைச் செய்தார். ஒன்று இந்தப் படிகள். மற்றொன்று, சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே கட்டிய பாலம். அதற்கு முன் மழைக்காலத்தில் ஆறு பெருகினால் மலைக்கு வரும் யாத்திரிகர்கள் அக்கரையிலேயே நிற்க வேண்டியதுதான். 'மர்மலாங் பாலம்' என்று வழங்கிய அது பிற்காலத்தில் புதுப்பித்துக் கட்டப்பட்டு, இன்று மறைமலை அடிகள் பெயரால் வழங்குகிறது. உஸ்கான் 1751-ல் சென்னையில் காலமானார்.

பிறந்த நாட்டைவிட்டு ஆயிரக்கணக்கான மைல் தள்ளி வந்த ஒருவர், தாம் ஈட்டிய பொருளைத் தமக்கென்று மட்டும் சேர்த்து வைக்காமல், முகம் தெரியாத யாத்திரிகர்களின் கால்களுக்காகச் செலவிட்டார். முந்நூறு ஆண்டுகளாக நாம் அப்படிகளில் ஏறி இறங்குகிறோம். ஆர்மீனியர் எவரும் இன்று நம் பங்கில் இல்லை. படிகள் இருக்கின்றன.

பட்டாளமும் அளவைச் சங்கிலியும்

கோட்டையிலிருந்து மலைக்கு வந்த பாதைதான் 'மவுண்ட் ரோடு'. இன்றைய அண்ணா சாலை. சென்னையின் பெரிய வீதிக்கு நெடுங்காலம் பெயர் கொடுத்தது நம் குன்றே. வழி சிறப்பாக அமையவே படைகளும் வந்தன. 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது, 1759 பிப்ரவரியில் மலையடிவாரத்தில் கடும்போர் நடந்தது. பின்னர் ஆங்கிலக் கம்பெனியார் சென்னைப் பீரங்கிப் படையின் தலைமையிடத்தை இங்கே அமைத்தனர். பாளையம் வந்தது, சிப்பாய்கள், சமையற்காரர், சலவைத் தொழிலாளர், குதிரைக்காரர், தையற்காரர் என்று பல தொழிலாளரும் வந்தனர். பரங்கிமலையின் பழங்குடிகள் என்று இன்று பெருமை பேசும் குடும்பங்களில் பல, அவ்வாறு பட்டாளத்தைப் பின்தொடர்ந்து பிழைப்புத் தேடி வந்தவர்களின் வழித்தோன்றல்களே.

1802 ஏப்ரல் 10 அன்று, வில்லியம் லாம்டன் என்ற படையதிகாரி இம்மலையின் அருகே தரையில் சங்கிலி பிடித்து அளக்கத் தொடங்கினார். ஏழரை மைல் நீளமுள்ள அந்த அடிக்கோட்டிலிருந்து தொடங்கிய முக்கோண அளவைப் பணி, தலைமுறைகள் கடந்து இமயமலை வரை சென்றது. எவரெஸ்ட் சிகரமே உலகில் மிக உயர்ந்தது என்று 1852-ல் கணித்ததும் இந்த அளவைப் பணியின் பயனே. 300 அடிக் குன்றின் அடிவாரத்தில் தொடங்கிய கணக்கு 29,000 அடிச் சிகரத்தில் முடிந்தது என்பதைப் பள்ளிப் பிள்ளைகள் மனத்திற் கொள்வார்களாக! பட்டாள மரபு இன்றும் தொடர்கிறது. 1963-ல் தொடங்கிய இராணுவ அதிகாரிகள் பயிற்சிப் பள்ளி, இன்று அகாடெமியாக விளங்குகிறது.

பட்டாளத்தையும் இரயில்வேயையும் ஒட்டி ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் இங்கு நிறைய வாழ்ந்தன. ஆலயங்களில் பியானோவும் பாடற்குழுவும் அவர்கள் தந்தவை. 1947-க்குப் பின் அவர்களுள் பலர் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் சென்று விட்டனர். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் திருப்பலி தமிழில் ஒலித்தது. அவர்கள் விட்டுச் சென்ற பெஞ்சுகளில், தென்மாவட்டங்களிலிருந்தும் செங்கல்பட்டு, வட ஆற்காடு கிராமங்களிலிருந்தும் வேலை தேடி வந்த நம் தந்தையரும் தாய்மாரும் அமர்ந்தனர்.

திருச்சபை ஆட்சியிலும் எத்தனை மாற்றங்கள்! 1606-ல் போர்த்துக்கல் அரசரின் ஆதரவில் மயிலாப்பூர் மறைமாவட்டம் ஏற்பட்டது. பிற்காலத்தில் சென்னை மறைமாநிலம் தனியே இயங்கியது. ஒரே நகரத்துக் கத்தோலிக்கர் இரு ஆட்சிகளின் கீழ் நெடுநாள் பிரிந்திருந்து, 1952-ல் சென்னை-மயிலை உயர்மறைமாவட்டமாக ஒன்றாயினர். 2002-ல் அதிலிருந்து செங்கல்பட்டு மறைமாவட்டம் பிரிந்தபோது, பரங்கிமலை புதிய மறைமாவட்டத்தில் சேர்ந்தது. 1986 பிப்ரவரி 5 அன்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் இம்மலைக்கு வருகை தந்து செபித்தார். 2011-ல் மலையாலயம் தேசியத் திருத்தலமாக உயர்த்தப்பட்டது.

கிராமம் புறநகரானது

1931-ல் கடற்கரை–தாம்பரம் மின்சார இரயில் ஓடத் தொடங்கியது. நம் ஊர் புறநகராக மாறியதற்கு அதுவே முதற் காரணம். காலையில் வண்டியேறி, பாரிமுனையில் வேலை பார்த்து, இரவு உணவுக்கு வீடு திரும்பலாம் என்றாயிற்று. 1958-ல் கிண்டித் தொழிற்பேட்டை ஏற்பட்டது. லேத்து ஓட்டுகிறவர், பெயிண்டர், பற்றவைப்பவர் என்று தொழிலாளர் குடும்பங்கள் ஆலந்தூரிலும் ஆதம்பாக்கத்திலும் குடக்கூலி வீடுகளில் குடியேறின. வயல்கள் மனைகளாயின. 1967-லும் 1971-லும் எம்.ஜி.ஆர். அவர்கள் பரங்கிமலைத் தொகுதியிலிருந்து சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்போது நம் ஊர்ப் பெயர் தமிழகத்தின் பட்டிதொட்டியெல்லாம் ஒலித்தது.

ஆலந்தூர் நகராட்சியின் மக்கள்தொகை 1991-ல் ஏறத்தாழ 1,25,000. 2001-ல் ஏறத்தாழ 1,46,000. 2011-ல் ஏறத்தாழ 1,64,000. இருபது ஆண்டுகளில் ஒரு சிற்றூருக்குரிய மக்கள் புதிதாகச் சேர்ந்துள்ளனர். 2011 அக்டோபரில் நகராட்சி சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. 2018-ல் ஆலந்தூர் வட்டம் காஞ்சிபுரம் மாவட்டத்தினின்று சென்னை மாவட்டத்துக்கு மாற்றப்பட்டது. 'கிராமம்' என்ற சொல் இப்போது நிலப் பத்திரங்களில் மட்டுமே மிஞ்சியுள்ளது.

வசதிகள்

போக்குவரத்தில் நமக்குக் குறை ஒன்றுமில்லை. மீட்டர் பாதை வண்டிகள் 2004-ல் நின்று, அகலப்பாதை மின்வண்டிகள் ஓடுகின்றன. கத்திப்பாராவில் நான்கு திசைச் சாலைகளும் மோதிக்கொண்ட இடத்தில் 2008-ல் மேம்பாலம் திறக்கப்பட்டது. 2015-ல் ஆலந்தூருக்கும் 2016-ல் பரங்கிமலைக்கும் மெட்ரோ இரயில் வந்தது. விமான நிலையம் பக்கத்தில், பேருந்துகளுக்குக் குறைவில்லை. பள்ளிகள், மருத்துவமனைகள், வங்கிகள், அஞ்சலகம், கடைவீதி எல்லாம் கூப்பிடு தூரத்தில் உள்ளன. கோவிலும் மசூதியும் ஆலயமும் ஒன்றன் மணியோசையோ பாங்கொலியோ மற்றொன்றுக்குக் கேட்கும்படி அமைந்து, நல்லுறவோடு வாழ்கிறோம்.

ஆனால் வசதிகளுள் முதன்மையாக நாம் குறிப்பிட விரும்புவது கண்ணுக்குத் தெரியாத ஒன்று. அது தெருவின் அடியில் ஓடும் பாதாளச் சாக்கடை! தொண்ணூறுகளில் இங்கு வாழ்ந்தவர்களுக்கு அப்போதைய நிலை நினைவிருக்கும். வீட்டுக்கு வீடு கழிவுத் தொட்டி, நிரம்பினால் லாரி வர வேண்டும், மழை பெய்தால் தொட்டி வழிந்து தெருவில் ஓடும், கொசு, கிணற்று நீரில் நாற்றம். தொட்டியைத் துப்புரவு செய்ய மனிதனே இறங்கிய கொடுமையையும் நாம் மறைக்கலாகாது.

நகராட்சியிடம் போதிய பணம் இல்லை. 34 கோடி ரூபாய் தேவைப்பட்டது. நகராட்சியார் மக்களிடமே வந்தனர். நலச் சங்கங்கள் வீடு வீடாகச் சென்று பேசின. வீட்டுக்கு 5,000 ரூபாயும், வணிக இடங்களுக்கு 10,000 ரூபாயும் முன்வைப்பாகச் செலுத்துவது என்று முடிவாயிற்று. குழாய் பதிக்கும் முன்பே, கண்ணால் காணாத ஒன்றை நம்பி, மக்கள் பணம் கட்டினார்கள். 2000-ஆம் ஆண்டில் வேலை தொடங்கியது. பெருங்குடியில் சுத்திகரிப்பு நிலையம் அமைந்தது. இந்திய நகராட்சிகளுக்கே ஆலந்தூர்த் திட்டம் முன்மாதிரி என்று இன்றும் பாடமாகக் கற்பிக்கப்படுகிறது.

இதில் நாம் கற்க வேண்டியது ஒன்று உண்டு. பாதாளச் சாக்கடை, சொந்த வீட்டுக்காரர், வாடகைக்காரர் என்று பார்ப்பதில்லை. ஒரு வீடு இணையாவிட்டால் அந்த வீட்டுக் கழிவு தெரு முழுவதற்கும் கேடு. எல்லாரும் சேர்ந்தால்தான் எவருக்கும் நலம். இது சாக்கடைக்கு மட்டுமுரிய நியாயம் அன்று.

தண்ணீர்

வசதிகளைப் பேசும்போது இழப்புகளையும் பேச வேண்டும். ஏரிகள் சுருங்கின. ஆதம்பாக்கம் ஏரியின் பழைய பரப்பை முதியவர்கள் சொல்லக் கேட்டால் நம்ப முடியாது. நீருக்குரிய இடத்தில் நாம் வீடு கட்டினோம். நீர் தன் இடத்தைத் தேடி வந்தது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாறு பெருகி நந்தம்பாக்கம், மணப்பாக்கம் பகுதிகள் மூழ்கின. நான்கே ஆண்டுகளில், 2019 கோடையில், சென்னையின் ஏரிகள் வறண்டு, லாரி வரும் நேரத்துக்காகக் குடங்களை வரிசை வைத்துக் காத்திருந்தோம். வெள்ளமும் வறட்சியும் ஒரே தவற்றின் இரு பக்கங்கள். மழைநீரை நிலத்துக்குள் விடுவதும், மிஞ்சியிருக்கும் ஏரியைக் காப்பதும், குப்பையை வாய்க்காலில் எறியாதிருப்பதும் இன்று கிறிஸ்தவக் கடமைகளே.

வெள்ள நாட்களில் நம் பங்கு மண்டபத்தில் அடைக்கலம் புகுந்தவர்களிடம், நீங்கள் எந்த மதம், எந்தத் தெரு, எத்தனை ஆண்டுகளாக இவ்வூரில் இருக்கிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. பாய் விரித்தோம், கஞ்சி காய்ச்சினோம். நம் பங்கின் வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கத் தக்க நாட்கள் அவை.

கல்லறைத் தோட்ட வாசலில்

ஆயினும், எழுதக் கூச்சமாயிருக்கும் ஒன்றையும் எழுதாவிட்டால் இக்கட்டுரை முகமன் உரையாகி விடும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, கட்டட வேலை செய்யும் வடநாட்டு இளைஞர் நால்வர் அறைவீட்டு வாசலில் நின்றனர். அவர்களுள் ஒருவரின் மனைவி காய்ச்சலில் இறந்து விட்டார். ஜார்க்கண்டுப் பக்கத்துப் பழங்குடிக் கத்தோலிக்கர்கள். உடலைச் சொந்த ஊருக்குக் கொண்டு செல்ல வசதி இல்லை. இங்கே அடக்கம் செய்ய வேண்டும் என்று, தெரிந்த இரண்டொரு தமிழ்ச் சொற்களில் கேட்டனர்.

நம் கல்லறைத் தோட்டத்தில் இடநெருக்கடி உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். "ஊர்க்காரர்களுக்கே இடமில்லை" என்ற பேச்சு பங்குப் பேரவையில் பலமுறை எழுந்துள்ளது. அந்த நினைவில், நாம் முதலில் கேட்ட கேள்வி: "எந்தப் பங்கு? பங்குப் புத்தகத்தில் பெயர் உண்டா? சந்தா கட்டுகிறீர்களா?" மனைவியை இழந்து நிற்பவனிடம் ஒரு குருவானவர் கேட்ட முதற்கேள்வி அது! இதை எழுதும்போதும் மனம் சுடுகிறது.

அப்போது செபமாலைக்கு வந்திருந்த மூதாட்டி ஒருவர், படியில் அமர்ந்தபடியே கேட்டுக் கொண்டிருந்தவர், எழுந்து வந்தார். "சாமி, நான் கோவிச்சுக்கிட்டு கேக்கல. எங்க வீட்டுக்காரரு எஸ்டேட்டு வேலைக்கு எங்களைக் கூட்டியாந்தப்ப, என் மொதப் புள்ள மூணாம் மாசமே செத்துப்போச்சு. இந்தத் தோட்டத்துலதான் பொதைச்சோம். அன்னைக்கு எங்க பேரு எந்தப் பொஸ்தகத்துலயும் இல்ல. பெரிய சாமி ஒரு வார்த்தை கேக்கலியே" என்றார்.

அதற்குமேல் நாம் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் காலை மந்திரிப்புத் திருப்பலி நடந்தது. தமிழ் தெரியாத அந்த இளைஞர்கள் தங்கள் மொழியில் மெல்லப் பாடினார்கள். அந்த மூதாட்டி தம் குழந்தையின் குழியிருந்த இடத்திற்கு அருகிலேயே இடம் காட்டினார். அவரும் இன்று நம்மிடையே இல்லை. அதே தோட்டத்தில் இளைப்பாறுகிறார்.

நாம் யார்?

இப்போது ஊர் வரலாற்றைத் திரும்பிப் பாருங்கள். திருத்தூதர் வெளிநாட்டார். சிலுவையின் எழுத்து பாரசீகம். ஆலயம் எழுப்பியவர் போர்த்துக்கீசியர். படிகள் ஆர்மீனியர் தந்தவை. நிலத்தை அளந்தவர் ஆங்கிலேயர். தொழிற்பேட்டைக்கு வந்தவர்கள் நம் பெற்றோர். மேம்பாலத்துக்கும் மெட்ரோவுக்கும் கல்லும் கம்பியும் சுமந்தவர்களில் பலர் பீகாரிகள், ஒடியாக்கள், ஜார்க்கண்டுக்காரர்கள். இவர்களுள் எவரை நீக்கி விட்டு 'ஊர்க்காரர்' என்று ஒருவரைக் காட்டுவது? பரங்கிமலைக்காரன் என்று சொல்லிக் கொள்பவன், 'நானும் வந்தவன்தான்' என்று தன் வாயாலேயே ஒப்புக்கொள்கிறான்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். ஆண்டவர் உயிர்த்தெழுந்து சீடர்களுக்குத் தோன்றியபோது தோமையார் அங்கு இல்லை. பின்பு வந்து, நம்ப மறுத்தார். மற்றவர்கள் அவரை வெளியே தள்ளிக் கதவடைத்திருக்கலாம். ஆனால் எட்டு நாள் கழித்து ஆண்டவர் மீண்டும் வந்தபோது, தோமையார் அவர்களோடு உள்ளே இருந்தார். தம்மோடு ஒத்துப் போகாத ஒருவரை எட்டு நாளும் அந்த வீட்டார் உள்ளேயே வைத்திருந்தனர். அவர்கள் அன்று அவரை வெளியே விட்டிருந்தால், நம் மலைக்கு ஒரு திருத்தூதர் கிடைத்திருக்க மாட்டார். தோமையாரின் நம்பிக்கையைப் பல பிரசங்கங்களில் புகழ்ந்திருக்கிறோம். அவரை உள்ளே வைத்திருந்தவர்களின் பொறுமையையும் இந்த ஜூபிலியில் நினைவு கூர்வோம்.

ஆகவே, அன்பு மக்களே, இந்த ஜூபிலியின் நினைவாக மூன்று காரியங்களைச் செய்யுமாறு வேண்டுகிறோம். முதலாவது, ஒவ்வொரு அன்பியமும் தன் எல்லைக்குள் புதிதாகக் குடிவந்த குடும்பங்களையும், கட்டட வேலைக் கொட்டகைகளில் தங்கியுள்ள கத்தோலிக்கரையும் தேடிச் சென்று, பெயர் கேட்டு, திருப்பலி நேரத்தைச் சொல்லி வருக. இரண்டாவது, கல்லறைத் தோட்ட விதிகளில் 'பதிவு' என்ற சொல் இரக்கத்துக்குத் தடையாகாதபடி பங்குப் பேரவை திருத்தம் செய்க. இடநெருக்கடிக்கு வழி காண்பது நம் எல்லார் பொறுப்பு, துக்க வீட்டார் பொறுப்பன்று. மூன்றாவது, திருவிழாத் தேருக்குத் தோள் கொடுக்கும் உரிமை இன்னின்ன குடும்பங்களுக்கே என்ற பழக்கம் இவ்வாண்டோடு ஒழிக. அந்தக் குடும்பங்களின் உழைப்பை நாம் மறக்கவில்லை. அவர்கள் முன்னே நின்று மற்றவரை அழைப்பதே அவர்களுக்கு அழகு.

அடுத்த ஜூபிலிக்கு மலர் எழுதுபவர் யாராகவும் இருக்கலாம். இன்று கொட்டகையில் பிறந்து, நம் பள்ளியில் தமிழ் கற்கும் ஒரு ஜார்க்கண்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம். அவர் நம்மைப் பற்றி எழுதும்போது, 'அவர்கள் எங்களிடம் சீட்டுக் கேட்கவில்லை' என்று எழுதும்படி நாம் நடந்து கொள்வோமாக.

மலைமேல் உறையும் மாதா நமக்காக வேண்டிக் கொள்ளட்டும். நம் பாதுகாவலர் புனித தோமையார் நம்மோடு இருப்பாராக. இறையாசீர் உங்கள் ஒவ்வொரு வீட்டின்மீதும் பொழிக!

கிறிஸ்துவில் உங்கள் ஊழியன்,
பங்குத்தந்தை